மோட்டாரை நிறுத்தலாமா?

வீட்டு வழக்கு என்றால் பேரன் எடுக்கும் வரை நடக்கும் என்பது நம் குடும்பங்களில் சகஜமான பேச்சு. அந்தப் பயத்தினாலேயே சொந்தக்காரர் கோர்ட்டுப் பக்கம் போகாமல் தாமே காரியத்தை முடிக்கப் பார்க்கிறார். குடியிருப்பவரோ நோட்டீஸைக் கண்டதும் கதிகலங்கிப் போகிறார். சகோதரிகளே, இரண்டும் வேண்டாம்.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மாள், கணவரை இழந்தவர். மாடிப் போர்ஷன் வாடகைதான் ஜீவனம். குடித்தனக்காரர் ஐந்து மாதமாக வாடகை தரவில்லை. "அக்கா, தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிடு! எத்தனை நாள் தாங்குவார்கள், பார்க்கலாம்" என்றானாம் தம்பி. மாடியில் ஒரு கைக்குழந்தை. அம்மாளுக்கு மனம் வரவில்லை, என்னிடம் வந்தார்.

"மனம் வராததே நல்லதாய்ப் போயிற்று" என்றேன். வாடகை பாக்கி இருந்தாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் குடியிருப்பவர் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். நியாயம் உங்கள் பக்கம் இருக்க, குற்றவாளியாய் நிற்பது நீங்களாகிவிடும்!

தமிழ்நாட்டில் 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. 2017-இல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். காலி செய்யச் சொல்லும் அதிகாரம் வாடகை நீதிமன்றத்துக்குத்தான் உண்டு.

அதற்கும் காரணம் வேண்டும். இரண்டு மாத வாடகை பாக்கி, அனுமதியின்றி உள்குடித்தனம் வைத்தல், வீட்டைத் தகாதபடி உபயோகித்தல் முதலியவை காரணங்கள். வாடகை பாக்கி என்றால் முதலில் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் கிடைத்து ஒரு மாதத்துக்குள் பாக்கியை வட்டியுடன் கட்டிவிட்டால் அந்தக் காரணத்துக்காக வெளியேற்ற முடியாது.

கட்டாவிட்டால் ஒப்பந்தம், நோட்டீஸ் நகல், பிரமாணப் பத்திரம் இவற்றுடன் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். எதிர்த்தரப்புக்குச் சம்மன் போகும். அவரும் தம் பதிலை எழுதித் தரலாம். பிறகு சுருக்கமாக விசாரித்து உத்தரவிடுவார்கள். அது திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் வாடகைத் தீர்ப்பாயத்தில் அப்பீல் செய்யலாம். உத்தரவு ஆன பின்னும் காலி செய்யாவிட்டால், அதை நிறைவேற்றித் தருவதும் நீதிமன்றத்தின் வேலையே. பூட்டை உடைப்பதும் சாமான்களைத் தெருவில் வைப்பதும் நம் வேலையல்ல.

குடியிருக்கும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. சம்மன் வந்தால் வாங்க மறுத்து ஒளியாதீர்கள். உங்கள் பக்கத்தைக் கேளாமலே தீர்ப்பாகிவிடும். சொந்தக்காரர் வாடகையை வாங்க மறுத்தால் சும்மா இருந்துவிடாமல் வாடகை அதிகாரியிடம் கட்டிவிடுங்கள். வக்கீலுக்குப் பணமில்லையே என்ற கவலையும் வேண்டாம். 1987-ஆம் வருஷத்துச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவானாலும், இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள்.

சரி, அந்த அம்மாள் கதைக்கு வருவோம். நோட்டீஸ் அனுப்பினார். மறுநாள் மாலை குடித்தனக்காரரின் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கீழே இறங்கி வந்தாள். "அம்மா, மாதா மாதம் கட்டிவிட்டதாகத்தானே இவர் சொன்னார்!" என்று அழுதாளாம். வேலை போனதைக் கணவன் அவளிடம் மறைத்திருக்கிறான். அவள் பிறந்த வீட்டில் சொல்லி, மாதம் முடிவதற்குள் பாக்கி முழுவதையும் வட்டியுடன் தீர்த்துவிட்டாள். வழக்கே வரவில்லை. தம்பி சொன்னபடி மோட்டாரை நிறுத்தியிருந்தால், கீழே இறங்கி வந்தவள் அழுதிருக்கமாட்டாள்; சண்டைக்கு வந்திருப்பாள்.

இப்போது வாடகை ரசீதை அவளே கேட்டு வாங்கி வைத்துக்கொள்கிறாள். உங்கள் வீட்டு வாடகை ஒப்பந்தமும் ரசீதுகளும் எங்கே இருக்கின்றன என்று உங்களுக்குத் தெரியுமா? இன்று மாலையே பீரோவைத் திறந்து பார்த்துவிடுங்கள்.