பிறப்புச் சான்றிதழ் உயிருக்குச் சாட்சியாகுமா?

யாழ்ப்பாணத்து வர்த்தகர் ஒருவரின் கடைக்குள் நுழைவோர் கண்ணில் முதலிற் படுவது இலக்குமி படம். அடுத்துப் படுவது கண்ணாடிச் சட்டமிட்டுத் தொங்கும் கம்பனிப் பதிவுச் சான்றிதழ். இரண்டுக்கும் சேர்த்தே மாலை சூட்டுவோரையும் நாம் அறிவோம். தமது கம்பனி இன்றும் சட்டப்படி நன்னிலையில் உள்ளது என்பதற்கு அச் சான்றிதழே அத்தாட்சி என எம்மவர் நம்புகின்றனர். அந் நம்பிக்கை முற்றிலும் பிழையானது. அது கம்பனி பிறந்ததற்குச் சாட்சியேயன்றி, உயிரோடிருப்பதற்குச் சாட்சியன்று.

பனங்கட்டியும் பனாட்டும் ஏற்றுமதி செய்ய முனைந்த நண்பர் ஒருவர் இதனை நட்டப்பட்டே அறிந்தார். முற்பணம் அனுப்புவதற்கு முன், கம்பனி நன்னிலையில் உள்ளதென உத்தியோகபூர்வச் சான்று வேண்டுமென்றார் ரொறன்ரோவிலுள்ள கொள்வனவாளர். நண்பர் சுவரில் இருந்ததைக் கழற்றிப் பிரதியெடுத்து அனுப்பினார். அது ஏற்கப்படவில்லை. பின்னர் கோவையைப் பார்த்தால், நான்கு ஆண்டுகளாக வருடாந்த விபரத்திரட்டு சமர்ப்பிக்கப்படவில்லை. காலஞ்சென்ற மாமனார் இன்னும் பணிப்பாளராகவே வீற்றிருக்கின்றார்! அவ் வியாபாரம் மூன்று கிழமைக்குள் வேறொருவர் கைக்குப் போயிற்று.

கேட்டவரைக் குறைகூற இடமில்லை. அவருடைய நாட்டின் மத்திய பதிவகம், தன்னிடம் பதிந்த கம்பனி வருடாந்த விபரங்களை ஒழுங்காகச் சமர்ப்பித்துள்ளதெனச் சான்று வழங்குகின்றது. இங்கிலாந்தின் பதிவகமோ, கம்பனி பதியப்பட்ட நாள்முதல் இடையறாது நிலைத்து வருகின்றது, அதனைப் பதிவேட்டிலிருந்து நீக்க நடவடிக்கை ஏதும் இல்லை என்று எழுதிக் கொடுக்கின்றது. அங்கே பழகியவர் இங்கும் அதையே எதிர்பார்க்கின்றார்.

எமது சட்டமும் இவ் விடயத்தில் தெளிவானதே. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்கீழ் 15ஆம் படிவத்தில் ஆண்டுதோறும் விபரத்திரட்டுச் செல்லவேண்டும். பணிப்பாளர் மாறினால் 20 வேலை நாட்களுக்குள் 20ஆம் படிவம் செல்லவேண்டும். கட்டணம் செலுத்தும் எவரும் கம்பனிப் பதிவாளர் நாயகத்தின் ஏட்டைப் பார்வையிட்டு, உறுதிப்படுத்திய பிரதியும் பெறலாம். ஆகவே, கடன் கேட்பவரின் நிலையை வங்கி முகாமையாளர் அவரைக் கேளாமலே அறிந்துகொள்வார். நம் ஊர்களிலே பெரும்பாலும் இக் கடமைகள் யாவும் கம்பனிச் செயலாளர் தலையிலே விடப்படுகின்றன. செயலாளர் வெளிநாடு சென்றுவிட்டால் கம்பனியும் ஊமையாகிவிடும்.

எனினும், பழி முழுவதையும் எம்மவர்மேற் சுமத்துதல் நீதியாகாது. அச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2007 மே மாதத்தில். முந்திய சட்டங்களின்கீழ்ப் பதிந்த கம்பனிகள் புதிய இலக்கம் பெறவேண்டுமென அது பணித்தது. அவ் வேளையில் ஏ-9 வீதி எந் நிலையில் இருந்தது? 2006 ஆகஸ்டிலே மூடப்பட்ட பாதை மூடியபடியே கிடந்தது. ஒரு மூட்டை வெங்காயம் தரைவழியே கொழும்பு செல்ல வழியில்லாத காலத்தில், கம்பனிப் படிவம் மாத்திரம் எவ் வழியாற் செல்லும்? அதற்கு முன்னரும், 1990 தொடக்கம் இடம்பெயர்ந்தோர் கணக்கேடுகளையா தூக்கிக்கொண்டு ஓடினர்? பதிவேடு ஒரு கம்பனியின் மௌனத்தைக் காட்டுகின்றது. மௌனத்தின் காரணத்தைக் காட்டுவதில்லை. சோம்பேறியும் அகதியும் அவ் வேட்டிலே ஒருவரேயாவர்.

இதனையே எமது பாராளுமன்றப் பிரதிநிதிகள் எழுப்புதல் வேண்டும். 1990 முதல் 2009 வரை வடக்குக் கிழக்கிலே தடைப்பட்ட கம்பனிகள் கோவைகளைச் சீர்செய்ய முன்வருமாயின், அக் காலத்திற்குத் தாமதக் கட்டணம் அறவிடலாகாது; அக் காரணம் பதிவேட்டிலும் குறிக்கப்படல் வேண்டும். போலிகளும் இதனாற் பயன்பெறுவர் என்பார் உளர். இடம்பெயர்ந்தமைக்கு மாவட்டச் செயலகத்திலும் கிராம அலுவலரிடத்தும் பதிவு உண்டு. அதைக் கேட்டுப் பெறுவது கடினமா? ஆனால், 2009க்குப் பின்னரான தவறுகளுக்கும் போரைச் சாட்டுவோருக்காக நாம் வாதாட வரவில்லை. எமது நண்பரின் நான்கு ஆண்டுகள் அவ் வகையினவே.

கமக்காரருக்கும் ஒரு சொல். பிரதேச செயலகத்திற் பெறும் வியாபாரப் பெயர்ப் பதிவு கம்பனியன்று. அது தனியொரு சட்ட ஆளைப் படைப்பதில்லை. கம்பனியைப்போல் வருடாந்த விபரத்திரட்டு அதற்கு இல்லை. ஆகவே தந்தையார் பெயரிற் பதிந்த மிளகாய் வியாபாரத்தை மகன் பத்தாண்டு நடத்தினாலும், ஏட்டிலே இருப்பவர் தந்தையாரே. கடனோ கேள்விப் பத்திரமோ வரும் நாளிற்றான் இது வெளிப்படும். உரிமையாளர் மாறினால் உடனே சென்று அறிவியுங்கள். பிரதேச செயலகமும், கேட்போருக்கு அன்றைய திகதியிட்டு, இவ் வியாபாரம் இன்னார் பெயரில் இன்றும் பதிவில் உள்ளதெனத் தமிழில் ஒரு கடிதம் கொடுக்கலாம். தமிழ் அரச கரும மொழியாகி 1987 முதல் எத்தனை ஆண்டுகள்!

நண்பர் நான்கு ஆண்டு விபரத்திரட்டுகளையும் தாமதக் கட்டணத்தோடு சமர்ப்பித்துவிட்டார். மாமனாரும் பணிப்பாளர் பதவியிலிருந்து ஒருவாறு ஓய்வு பெற்றார். ரொறன்ரோவுக்கு மீண்டும் கடிதம் போயிருக்கின்றது. பதில் இன்னும் வரவில்லை.