எண்ணிப் பாருங்கள்!

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் எங்கள் கல்லூரி விடுதியில் மூன்று மாணவர்களுக்கு அடுத்தடுத்து டெங்குக் காய்ச்சல் கண்டது. அவர்களுள் ஒருவன் என் வகுப்பில் முன்வரிசையில் அமர்பவன். இரத்தத் தட்டணுக்கள் குறைந்து, ஆறு நாட்கள் மருத்துவமனையில் கிடந்து, பிழைத்து வந்தான். அந்த ஆறு நாட்களும் அவன் தாயார் வராந்தாவை விட்டு நகரவில்லை.

உடனே நாங்கள் என்ன செய்தோம்? புகை போட்டோம். இரண்டு மாலை வேளைகளில் வளாகம் முழுவதும் வெண்புகை சூழ்ந்தது. எல்லோருக்கும் ஒரு மனநிறைவு. அதற்கடுத்த வாரம் நான்காவது மாணவன் காய்ச்சலில் விழுந்தான்.

பிறகுதான் நகராட்சிப் பணியாளர் ஓர் அம்மையார் கையில் டார்ச் விளக்குடன் வந்தார். அறை அறையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் எங்கள் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் நின்றுவிட்டார். ஒத்ததிர்வுக் காற்றுத்தம்பச் சோதனைக்காக நீர் நிரப்பி வைத்திருந்த உயரமான கண்ணாடிச் சாடிகள் அங்கே வரிசையாக இருந்தன. விடுமுறைக்குமுன் ஊற்றிய நீர் அப்படியே இருந்தது.

"சார், இந்தத் தண்ணிய எப்ப மாத்துனீங்க?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. அவர் விளக்கை அடித்தார். நீர்ப்பரப்பிலிருந்து தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த கொசுப்புழுக்கள் ஒளிக்கு அஞ்சி நெளிந்து நெளிந்து கீழே இறங்கின. ஆறு சாடிகளில் நான்கில் புழு! பரப்பு இழுவிசையைப் பற்றி ஆண்டுதோறும் பாடம் நடத்தும் நான், அதே விசையைப் பயன்படுத்தி மூச்சுக்குழாயை நீர்ப்பரப்பில் மாட்டிக்கொண்டு என் கண்ணெதிரே வளர்ந்த கொசுக்களைப் பார்க்கத் தவறிவிட்டேன்.

மாணவ நண்பர்களே, அன்றிலிருந்து என் மனத்தில் ஊறிவரும் ஒரு கருத்தை உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். கொசுவை ஒழிக்குமுன் கொசுவை எண்ண வேண்டும். எதை எண்ணுகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும்.

புகையால் ஆவது என்ன?

டெங்கு வைரஸைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசு சாக்கடைக் கொசு அன்று. தெளிந்து தேங்கிய நீரே அதற்குப் பிடிக்கும். தொட்டி, பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை எதுவானாலும் சரி. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் முட்டையை ஒட்டிவைக்கும். நீர் வற்றினாலும் அம்முட்டைகள் பல மாதங்கள் உயிரோடிருக்கும். மீண்டும் நீர் பட்டால் பொரிந்துவிடும்.

புகை, பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். முட்டையையும் புழுவையும் அது தொடுவதில்லை. மேலும் இக்கொசு கட்டிலடியிலும் அலமாரிக்குள்ளும் ஒளிந்து ஓய்வெடுப்பது. தெருவில் போடும் புகை அங்கே எளிதில் எட்டாது. நோய் கண்ட இடத்தைச் சுற்றி, வைரஸ் ஏறிய கொசுக்களை விரைவாகக் குறைக்கப் புகை உதவக்கூடும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதையே முழு மருத்துவமாகக் கொள்வது, குழாயை மூடாமல் தரையைத் துடைத்துக்கொண்டிருப்பது போன்றதே.

ஒரு நகரம் கற்ற பாடம்

எண்ணுவதன் பயனை அறியச் சிங்கப்பூரைப் பார்ப்போம். நில நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அங்கே ஆண்டு முழுவதும் வெப்பமும் மழையும் உண்டு. 1960-களில் டெங்குக் குருதிக் காய்ச்சல் அந்நகரத்தில் பல குழந்தைகளின் உயிரைக் குடித்தது. 1966 முதல் 1968 வரை அங்குள்ள வல்லுநர்கள் கொசுக்கள் எங்கே, எத்தகைய பாத்திரங்களில் வளர்கின்றன என்று முதலில் ஆராய்ந்தார்கள். அதன் பின்னரே, 1970 முதல், வீடு வீடாகச் சென்று புழு வளரும் இடங்களை அகற்றும் திட்டம் நடைமுறைக்கு வந்தது.

அவர்கள் பயன்படுத்திய அளவுகோல் எளியது. நூறு வீடுகளைச் சோதித்தால் எத்தனை வீடுகளில் புழு இருக்கிறது? இதை வீட்டுக் குறியீடு என்பர். நூறு வீடுகளுக்குப் புழு உள்ள பாத்திரங்கள் எத்தனை என்பது பிரெட்டோ குறியீடு. எங்கள் கல்லூரிக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அம்மையார் பார்த்தவை 25 அறைகள். புழு இருந்தவை 2 அறைகள். ஒவ்வோர் அறையையும் ஒரு வீடாகக் கொண்டால் வீட்டுக் குறியீடு 8. புழு இருந்த பாத்திரங்கள், எங்கள் சாடிகள் நான்கும் விடுதியின் பூந்தொட்டித் தட்டு ஒன்றுமாக, 5. ஆகவே பிரெட்டோ குறியீடு 20. ஐந்தாம் வகுப்புக் கணக்கு போதும், அல்லவா?

சிங்கப்பூரில் வீட்டுக் குறியீடு சுமார் 2 என்ற அளவுக்கு இறங்கிற்று. ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் டெங்கு அடங்கிக் கிடந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். 1990-களில் டெங்கு மீண்டும் தலைதூக்கியது. 2005-இல் 14 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு நோய் கண்டது. வியப்பு என்னவென்றால், வீட்டுக் குறியீடு அப்போதும் குறைவாகவே இருந்தது!

அளவுகோல் பொய் சொன்னதா? இல்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் அது பதில் சொன்னது. பல ஆண்டுகள் நோய் குறைந்திருந்ததால் எதிர்ப்புச் சக்தி பெறாத ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. அத்தகைய மக்களிடையே கொஞ்சம் கொசுவே நோயைப் பரப்பப் போதும். மேலும் பலருக்கு வீட்டுக்கு வெளியே தொற்று ஏற்பட்டது. வீட்டை மட்டும் எண்ணினால் இது தெரியுமா? மூன்றாவதாக, நோய் கண்ட இடத்துக்கு ஓடும் முறைக்கு அவர்கள் மாறியிருந்தார்கள்.

இந்த மூன்றாவது காரணம் முக்கியமானது. கொசு கடித்தபின் காய்ச்சல் வரச் சில நாட்கள் ஆகின்றன. மருத்துவரிடம் போகவும், இரத்தம் சோதிக்கவும், செய்தி அதிகாரிகளை எட்டவும் மேலும் சில நாட்கள். இரவில் நாம் காணும் விண்மீன் ஒளி எப்போதோ புறப்பட்டது போல, இன்றைய நோயாளிக் கணக்கு சென்ற வாரங்களின் கொசுவைத்தான் காட்டுகிறது. நோயாளியை மட்டும் எண்ணுகிறவர் கொசுவைப் பின்னாலிருந்து துரத்துகிறார்.

அளவுகோலை மாற்றினார்கள்

சிங்கப்பூர் அளப்பதைக் கைவிடவில்லை. அளவுகோலைத் திருத்தியது. குடியிருப்புகளில் இப்போது 50 ஆயிரத்துக்கும் அதிகமான கொசுப் பொறிகள் உள்ளன. கறுப்புக் குவளை, உள்ளே வைக்கோல் ஊறிய நீர், சுவரில் பசை. முட்டையிட வரும் பெண்கொசு அதில் ஒட்டிக்கொள்ளும். முட்டையிட வருவதென்றால் அது ஏற்கெனவே யாரையோ கடித்த கொசு. நமக்கு வேண்டிய கணக்கு அதுதானே! 14 நாட்களுக்குள், 150 மீட்டருக்குள், இருவருக்கு நோய் கண்டால் அப்பகுதியை நோய்த்திரள் என அறிவித்துத் தெருவிலேயே பதாகை கட்டுகிறார்கள். வைரஸின் நான்கு வகைகளுள் எது பரவுகிறது என்பதையும் கண்காணிக்கிறார்கள். 2016 முதல் வொல்பாக்கியா என்னும் பாக்டீரியா ஏற்றிய ஆண்கொசுக்களையும் பறக்கவிடுகிறார்கள். ஆண்கொசு கடிப்பதில்லை. அதனுடன் கூடும் பெண்கொசுவின் முட்டைகள் பொரிப்பதில்லை. எங்கே எத்தனை ஆண்கொசு விட வேண்டும், பலன் என்ன என்பதையும் எண்ணிக்கையே சொல்கிறது.

இத்தனைக்குப் பின்னும் 2020-இல் அங்கே 35 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். முன்பு அவ்வளவாகப் பரவாத ஒரு வைரஸ் வகை பெருகியது அதற்கு ஒரு காரணம். "பார்த்தீர்களா, எண்ணி என்ன பயன்?" என்று சிலர் கேட்கக்கூடும். காய்ச்சல் இறங்கவில்லை என்பதற்காக வெப்பமானியை உடைப்பார் உண்டா?

நாம் செய்யக்கூடியது

என் வேண்டுகோள் இரண்டு. ஊரின் மழையளவு செய்தித்தாளில் வருவது போல, ஒவ்வொரு வார்டின் கொசுக் கணக்கும் மக்கள் பார்க்கும் இடத்தில் வாரந்தோறும் எழுதப்பட வேண்டும். புகை போட்ட நாட்களின் எண்ணிக்கை ஒரு சாதனை ஆகாது. புகைக்கு முன் எத்தனை, பின் எத்தனை என்பதே சாதனை. டார்ச் விளக்குடன் வீடு வீடாக வருகிறவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பும் வழக்கத்தையும் நாம் விடவேண்டும். அவர்கள் செய்வது அறிவியல்.

இரண்டாவது வேண்டுகோள் உங்களிடம். வாரம் ஒரு நாள் உங்கள் வீட்டிலும் பள்ளியிலும் நீர் தேங்கும் பாத்திரங்களை எண்ணுங்கள். புழு உள்ளவற்றைத் தனியே எழுதுங்கள். நீரைக் கொட்டி, சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். ஏன் வாரம் ஒரு நாள்? வெப்பமான காலத்தில் முட்டை கொசுவாகப் பொதுவாக 7 முதல் 10 நாட்கள் ஆகும். அதைவிடக் குறைந்த இடைவெளியில் சோதித்தால் புழுவுக்குச் சிறகு முளைக்குமுன் பிடித்துவிடலாம்.

ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். உங்கள் எண் பெரிதாக வந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். எங்கள் ஆய்வுக்கூடப் பதிவேட்டின் முதல் வரியில் "சாடிகள் 6, புழு உள்ளவை 4" என்று நானே எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறேன். அதன்கீழ் திங்கள்தோறும் ஒரு வரி சேர்கிறது. மருத்துவமனையிலிருந்து மீண்டுவந்த அந்த மாணவன்தான் இப்போது எண்ணுகிறான். பல வாரங்களாகப் புழு உள்ளவை சுழியம். ஒரு வாரம் மட்டும் 1. அதையும் எழுதியிருக்கிறான்.

சரி, உங்கள் வீட்டு எண் என்ன? கதவில் எழுதியிருக்கும் எண்ணை நான் கேட்கவில்லை!