குண்டு டயர் மோகம்

பைக்கை அழகுபடுத்துவதில் எனக்கு ஒரு விரோதமும் கிடையாது. மெல்லிய டயர் போட்ட வண்டியைப் பின்னாலிருந்து பார்த்தால் கொஞ்சம் நோஞ்சானாகத்தான் தெரிகிறது, ஒத்துக்கொள்கிறேன். நம்ம ஊரில் இந்த மோகத்தைப் பெரிதாகக் கிளப்பிவிட்டது 2008-ல் வந்த யமஹா எஃப்ஸீ 16 என்பேன். வெறும் 153 சிசி எஞ்சினுக்கு 140/60 பின் டயர்! அப்புறம் 150 சிசி வைத்திருந்தவன் எல்லாம் தனக்கும் அதே தடிமன் வேண்டும் என்று கிளம்பிவிட்டான்.

ஒரு விஷயத்தை மறந்துவிட்டார்கள். எஃப்ஸீயில் டயர் மட்டும் குண்டு இல்லை. அதற்கேற்ற அகலமான ரிம், ஸ்விங் ஆர்ம், செயின் ஓடும் இடம் எல்லாமே சேர்த்து டிசைன் செய்தது.

என் கிளாஸ்மேட் ஒருவன் கேட்டரிங் வேலைக்குப் போய்ச் சேர்த்த காசில், தன் சிங்கிள் டிஸ்க் பல்சர் 150-க்கு 140/70-17 போடப் போகிறானாம். "மச்சான், கிரிப் அள்ளும்டா" என்கிறான். தினமும் தங்கச்சியைப் பின்னால் உட்காரவைத்து டியூஷனுக்குக் கூட்டிப்போகிற வண்டி அது. அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

அந்த வண்டியின் ஒரிஜினல் பின் டயர் 100/90-17. அதாவது அகலம் 100 மி.மீ., உயரம் அதில் 90 சதவீதம், ரிம் 17 அங்குலம். கூட்டிப்பார்த்தால் சக்கரத்தின் விட்டம் சுமார் 612 மி.மீ. அவன் போடப்போவது 628. வித்தியாசம் இரண்டரை சதவீதம்தான். ஆனால் எல்லா கியரிலும் அந்த அளவுக்கு இழுவை குறையும். டயர் எடையும் கூடுவதால் பிக்கப், மைலேஜ் இரண்டுக்கும் அடி.

பெரிய வில்லன் ரிம்தான். 140 டயருக்குக் குறைந்தது 3.5 அங்குல அகல ரிம் வேண்டும். 100-க்கு வந்த ரிம் அதைவிட ரொம்பக் குறுகல். அதில் இதைத் திணித்தால் இரண்டு பக்கமும் நெரிபட்டு, டயர் நடுவில் கூம்பிக்கொள்ளும். எந்தக் கிரிப்புக்காகக் காசு கொடுத்தோமோ அதுவே வராது. வளைவில் சாய்க்கும்போது வண்டி ஒரு மாதிரி தடுமாறும். செயின் உரசினால் டயரே அறுபடும். 2018-ல் ட்வின் டிஸ்க் பல்சர் 150-க்கு 120 டயர் கொடுத்தபோது, கம்பெனியே ஃபோர்க்கைத் தடிமனாக்கி வீல்பேஸையும் நீட்டியது. நம்ம டயர் கடை அண்ணன் அரை மணி நேரத்தில் முடித்துத் தருகிறார் :)

காமர்ஸ் படிக்கிறவன் என்பதால் இன்னொரு கணக்கு. இன்சூரன்ஸ் பாடத்தில் முதலில் சொல்லித்தருவதே, முக்கியமான விவரத்தை மறைக்கக்கூடாது என்பதுதான். மாற்றியதைச் சொல்லாமல் விட்டு, நாளைக்கு விபத்து என்று கிளெய்ம் போட்டால் சர்வேயர் கண்ணில் முதலில் படுவது அந்தச் சக்கரமாகத்தான் இருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு வேறு இருக்கிறது. கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. டயர் விலையை மட்டும் செலவுப் பக்கம் எழுதிவிட்டு லாபம் என்றால் எந்த ஆடிட்டர் ஒத்துக்கொள்வார்?

இல்லை, போட்டே தீருவேன் என்றால், அந்த ரிம் தாங்குகிற ஒரு படி மட்டும் ஏறுங்கள். டயர் கம்பெனியின் அட்டவணையில் எந்த ரிம்முக்கு எந்த அளவு என்று இருக்கும். மாட்டியதும் பேலன்ஸ் பார்க்காமல் வீட்டுக்கு வராதீர்கள். கோட்டம் எடுப்பது வேறு, பேலன்ஸ் வேறு. 80 கி.மீ. வேகத்தில் சக்கரம் வினாடிக்கு 11 தடவைக்கு மேல் சுற்றுகிறது. ரிம்மில் ஒரு பக்கம் 20 கிராம் கூடுதலாக இருந்தாலும், ஒவ்வொரு சுற்றிலும் சுமார் இரண்டு கிலோ எடை அளவுக்கு வெளியே இழுக்கும். ஊருக்குள் 40-ல் போகும்போது அதில் கால்வாசிதான், அதனால் தெரியாது. பைபாஸ் ஏறினால்தான் உதறும்.

மெஷின் இல்லாத கடையிலும் இதைச் செய்யலாம். சக்கரத்தைக் கழற்றி அதன் அச்சிலேயே மாட்டி மெதுவாகச் சுற்றிவிட்டால், கனமான பக்கம் கீழே வந்து நிற்கும். நேர் எதிரே, மேலே, ஒட்டுகிற சின்ன வெயிட் ஒன்றை ஒட்டவேண்டும். மறுபடி சுற்றவேண்டும். எங்கே நிறுத்தினாலும் அங்கேயே நிற்கிறவரை கடைக்காரரை விடாதீர்கள், எவ்வளவு முறைத்தாலும் சரி.