கூண்டு ஏறுவது கப்பலுக்கு மட்டுமா?

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வானொலிச் செய்தியில் தவறாமல் வரும் வாசகம் ஒன்று உண்டு. "சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது" என்பதே அது. ராயபுரம் கல்மண்டபத்திலிருந்து கிழக்கே சற்று நடந்தால் காசிமேடு மீன்பிடித் துறைமுகம். செய்தி காதில் விழுந்ததும் அங்கே வேலை தொடங்கிவிடும். படகுகளை நெருக்கிக் கட்டுவார்கள். சிறு படகுகளை மேட்டுக்கு இழுப்பார்கள். வலையும் மோட்டாரும் வீட்டுக்குப் போய்ச் சேரும்.

அதே செய்தியை மீஞ்சூரிலும் பொன்னேரியிலும் சோழவரத்திலும் நம் விவசாயிகளும் கேட்கிறார்கள். "கூண்டு கப்பலுக்குத்தானே, நமக்கு என்ன?" என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

கூண்டு கப்பலுக்குத்தான் என்பது உண்மையே. ஒன்றும் இரண்டும் புயல் தொலைவில் இருப்பதைச் சொல்பவை. மூன்றும் நான்கும் துறைமுகத்துக்கே மிரட்டல் வந்திருப்பதைச் சொல்பவை. ஐந்து முதல் பத்து வரை அபாய எண்கள். பதினொன்று ஏறினால் வானிலை நிலையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். இவற்றில் வயல் இல்லை, கிணறு இல்லை, மாட்டுக் கொட்டகையும் இல்லை. ஆனால் கடலோடுபவர் முதல் எண்ணிலேயே எழுந்துகொள்ளும் வழக்கத்தை நாமும் ஏன் கைக்கொள்ளக்கூடாது?

காற்றுக்கு நாம் ஓரளவு ஆயத்தமாகிறோம். வாழைக்கு முட்டுக் கொடுக்கிறோம், கூரையைக் கயிற்றால் இழுத்துக் கட்டுகிறோம். காற்று அடங்கிய பிறகு வரும் இருட்டுக்குத்தான் நாம் ஆயத்தமாக இல்லை. காற்று ஒரு இரவில் போய்விடும். மின்சாரம் இல்லாத நாட்களோ வாரக்கணக்கில் நீளும். சிறு விவசாயியின் வீட்டை நொடிக்கச் செய்வது அந்த நாட்களே.

மின்சாரம் பிறக்கும் ஊரிலும் இருட்டு

வடசென்னையைப் பாருங்கள். எண்ணூரில் 1970-ல் உற்பத்தி தொடங்கிய அனல்மின் நிலையம் 2017-ல்தான் மூடப்பட்டது. அத்திப்பட்டிலும் வல்லூரிலும் பெரிய அனல்மின் நிலையங்கள் இன்றும் இயங்குகின்றன. தமிழகத்துக்கு மின்சாரம் பிறக்கும் பகுதிகளில் இது ஒன்று. அப்படியிருந்தும் 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தபோது, மரங்களும் கம்பங்களும் சாய்ந்து நகரமே இருண்டது. பல தெருக்களில் மின்சாரம் திரும்பப் பல நாட்கள் ஆயின.

2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயல் வேறொரு பாடம் சொன்னது. அது கரையைக் கடந்தது 5-ந் தேதி, ஆந்திராவில் பாபட்லா அருகே. ஆனால் 3, 4 தேதிகளில் கொட்டிய மழையிலேயே வடசென்னையின் தாழ்வான பகுதிகள் தண்ணீரில் நின்றன. தண்ணீர் நின்ற இடங்களில் உயிர்ச்சேதம் நேரக்கூடாது என்று மின்வாரியமே மின்சாரத்தை நிறுத்தி வைத்தது. புயல் நம் ஊரில் கரையேறாவிட்டாலும் மின்சாரம் நிற்கும் என்பதற்கு இது சான்று. அந்த வெள்ளத்தில் மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகம் வரை பரவியதையும் மறக்க முடியாது. வெள்ள நீரைப் பார்த்து, "தண்ணீர்தானே, மாடு குடிக்கட்டும்" என்று விட்டுவிடக்கூடாது.

மின் நிலையத்தின் நிழலில் உள்ள ஊருக்கே இந்தக் கதி என்றால், கம்பியின் கடைசிக் கம்பத்தில் தொங்கும் நம் பம்ப்செட்டின் கதி என்ன? டெல்டா விவசாயிகளைக் கேட்டால் சொல்வார்கள். 2018 நவம்பர் 16-ல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. பிற மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் ஊழியர்கள் வந்து இரவு பகலாக உழைத்தும், பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் இருந்தன. வாடகை ஜெனரேட்டர் வைத்துக் குடிநீர்த் தொட்டியை நிரப்பும் நிலை வந்தது.

நமக்கு ஏன் கடைசியில் வருகிறது?

இதில் வஞ்சனை ஏதுமில்லை, வேலையின் ஒழுங்கே அப்படி. முதலில் துணை மின்நிலையம் சீராக வேண்டும். பிறகு அங்கிருந்து புறப்படும் உயரழுத்தக் கம்பிகள், அடுத்து ஊரின் டிரான்ஸ்பார்மர், அதன் பிறகு வீடுகளுக்குப் போகும் தாழ்வழுத்தக் கம்பி. வயல் நடுவே சேற்றில் சாய்ந்து கிடக்கும் கம்பத்தை நட லாரி போக வழி இராது. ஆகவே பம்ப்செட் இணைப்பு கடைசியில்தான் வரும். இதை வைத்து மின்வாரியத்தைத் திட்டுவதால் ஒரு குடம் தண்ணீரும் கிடைக்காது. பத்து நாள் மின்சாரம் இராது என்று முன்கூட்டியே கணக்குப் போடுவதுதான் அறிவுடைமை.

அந்தக் கம்பியில் என்னென்ன தொங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். குடிநீர், மாட்டுக்குத் தண்ணீர், தேங்கிய நீரை வயலிலிருந்து இறைக்கும் மோட்டார், பால் குளிரூட்டும் நிலையம், மாவு மில், கைபேசி என எல்லாமே அந்த ஒரு கம்பியில்தான். நம் தகப்பனார் காலத்தில் கிணற்றில் கவலையோ ஆயில் என்ஜினோ இருந்தது. திண்ணையில் அரிக்கேன் விளக்கு தொங்கியது. புயலின் ஆங்கிலப் பெயரையே தாங்கிய விளக்கு அது. மின்சாரம் வந்ததும் இவற்றையெல்லாம் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டோம். மின்சாரம் வந்தது நல்லது. மாற்று வழியை விற்றதுதான் தவறு.

எழுபத்திரண்டு மணி நேரம் சிறிதல்ல

புயல் உருவாகும் வாய்ப்பை வானிலை ஆய்வுத் துறை 72 மணி நேரத்துக்கு முன்பே சொல்லத் தொடங்குகிறது. அதன் பிறகு 48 மணி நேரத்துக்கு முன்பும், 24 மணி நேரத்துக்கு முன்பும் மேலும் உறுதியான எச்சரிக்கைகள் வருகின்றன. இந்தக் கணக்கை ஒட்டி நம் வேலையைப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் நாள், அதாவது 72 மணி நேரச் செய்தி வந்ததும், மின்சாரம் இருக்கும்போதே முடிக்க வேண்டியவற்றை முடியுங்கள். மேல்நிலைத் தொட்டி, டிரம், அண்டா, குடம் எல்லாவற்றையும் நிரப்புங்கள். ஒரு கறவை மாட்டுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 40 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பதைக் கணக்கில் சேருங்கள். பத்து நாளுக்கு அரிசியும் மாவும் அரைத்து வையுங்கள். வீட்டில் ஆயில் என்ஜின் இருந்தால் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். டீசல் வாங்கி வையுங்கள். உரமிடுவதையும் மருந்து தெளிப்பதையும் தள்ளிப்போடுங்கள். மழையில் கரைந்து போவது நம் பணம்.

இரண்டாம் நாள் தோட்டத்துக்கும் கொட்டகைக்கும் உரியது. முதிர்ந்த தேங்காயை இறக்குங்கள், காய்ந்த மட்டைகளைக் கழியுங்கள். முற்றிய வாழைத் தாரை வெட்டிவிடுங்கள். மற்றவற்றுக்குச் சவுக்குக் கம்பு முட்டுக் கொடுங்கள். வயலின் வடிகாலைத் திறந்து வையுங்கள். வைக்கோலை மேட்டிலோ பரணிலோ ஏற்றுங்கள். விதை நெல், பட்டா நகல், கடன் புத்தகம், ரேஷன் கார்டு, இன்சூரன்ஸ் ரசீது இவற்றைப் பாலிதீன் பையில் கட்டி உயரத்தில் வையுங்கள்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு. கைபேசி, டார்ச் விளக்கு இவற்றில் முழுதும் சார்ஜ் ஏற்றுங்கள். முக்கியமான எண்களைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். மின்சாரம் நின்றால் கைபேசிக் கோபுரமும் சில மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். அப்போது பேட்டரியில் ஓடும் சிறிய ரேடியோதான் செய்தி சொல்லும். கூரை வீட்டில் மெழுகுவர்த்தி வேண்டாம், காற்றில் அது தீயாக மாறும். காற்று வலுக்குமுன் மோட்டார் ஸ்டார்ட்டரை நிறுத்தி, பியூஸ் கட்டையைக் கழற்றிவிடுங்கள். மாட்டை மரத்தடியிலோ மின்கம்பத்தின் ஸ்டே கம்பியிலோ கட்டாதீர்கள். தண்ணீர் ஏறும் இடமானால் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். கட்டிய மாடு நின்ற இடத்திலேயே சாகும், அவிழ்த்த மாடு மேடு தேடிப் போகும்.

காற்று திடீரென்று அடங்கினால் வெளியே ஓடாதீர்கள். புயலின் மையம் மேலே நிற்கும்போது அப்படித்தான் அமைதியாக இருக்கும். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மீண்டும் அடிக்கும்.

புயலுக்குத் தப்பியவர் கம்பிக்குப் பலியாகலாமா?

புயலில் பிழைத்து மறுநாள் வயலில் மின்சாரம் தாக்கி இறப்பதைப் போன்ற கொடுமை வேறில்லை. அறுந்து கிடக்கும் கம்பியில் மின்சாரம் இருக்கிறது என்றே எண்ணுங்கள். அது கிடக்கும் தண்ணீரிலும் இருக்கிறது. முதலில் மாடு விழும், மாட்டைத் தூக்கப் போகிறவர் அடுத்து விழுவார். ஆளை நிறுத்திக் காவல் போட்டுவிட்டு, 94987 94987 என்ற மின்னகம் எண்ணுக்கோ உள்ளூர் மின் அலுவலகத்துக்கோ தகவல் சொல்லுங்கள்.

ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. அதை வீட்டுக்குள் ஓட்டாதீர்கள். அதன் புகையில் உள்ள நச்சுக்காற்று தூக்கத்திலேயே உயிரை வாங்கும். மாற்றுச் சுவிட்சு இல்லாமல் வீட்டு ஒயரிங்கில் இணைக்கவும் கூடாது. உங்கள் மின்சாரம் கம்பியில் பின்னோக்கி ஓடி, கம்பத்தின் மேல் உங்களுக்காகவே உழைக்கும் வயர்மேனைக் கொன்றுவிடும்.

தண்ணீரில் மூழ்கிய மோட்டாரை, மின்சாரம் வந்த மகிழ்ச்சியில் உடனே போட்டுவிடாதீர்கள். கழற்றி, உலர்த்தி, காயில் கட்டுபவரிடம் காட்டிய பிறகே போட வேண்டும். மூழ்காத மோட்டாரானாலும் மூன்று பேஸும் வருகிறதா என்று பாருங்கள். ஒரு பேஸ் இல்லாமல் ஓட்டினால் காயில் கருகும். பால் எடுக்க வண்டி வராத நாட்களில் பாலைக் கொட்டாமல் உறை ஊற்றி, வெண்ணெயும் நெய்யும் ஆக்குங்கள். குடிநீரைக் காய்ச்சியே குடியுங்கள்.

ஊர் கூடிச் செய்ய வேண்டியது

"இதற்கெல்லாம் பணம் எங்கே?" என்று சிறு விவசாயி கேட்பது நியாயமே. ஆனால் மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை காசு கேட்பவை அல்ல, ஒரு நாள் உழைப்பைக் கேட்பவை. காசு கேட்பவற்றை ஊர் சேர்ந்து செய்ய வேண்டும். ஜெனரேட்டரை ஆளுக்கு ஒன்று வாங்க முடியாது, ஊருக்கு ஒன்று வாங்கலாம். டிராக்டரை வைத்து ஓட்டும் ஜெனரேட்டர்களும் உண்டு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கம் அப்படி ஒன்றை வைத்திருந்து, புயல் நாட்களில் குடிநீர் மோட்டாருக்கும், பிறகு முறை வைத்து வயல் வடிக்கவும் கொடுத்தால் என்ன? உரமும் கடனும் கொடுக்கும் சங்கம் இதைச் செய்யக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லப்போவதில்லை.

அக்டோபர் 2-ல் கிராமசபை கூடுகிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் வரும் கூட்டம் அது. அங்கே மூன்று தீர்மானங்கள் வேண்டும். சாய்ந்த கம்பங்களையும் தாழ்ந்த கம்பிகளையும் பட்டியலிட்டு மின்வாரியத்துக்குத் தர வேண்டும். கம்பியை உரசும் கிளைகளை மின்வாரியத்தின் துணையோடு மழைக்கு முன் வெட்ட வேண்டும், தாமாக யாரும் ஏறிவிடக்கூடாது. குடிநீர்த் தொட்டியின் மோட்டாருக்கு மாற்று மின்சாரத்துக்கு ஏற்பாடு வேண்டும்.

மின்வாரியத்துக்கும் ஒரு வேண்டுகோள். எந்த ஊருக்கு எந்த வரிசையில் மின்சாரம் திரும்பும் என்பதை முன்னதாகவே ஊராட்சிப் பலகையில் எழுதிப் போடுங்கள். ஆஸ்பத்திரிக்கு அடுத்த இடம் குடிநீருக்கு, அதற்கு அடுத்தது பால் நிலையத்துக்கு என்று இருக்கட்டும். எத்தனை நாள் என்று தெரிந்தால் விவசாயி பொறுத்துக்கொள்வார், அதற்கு ஏற்பத் தண்ணீரையும் தீவனத்தையும் பங்கிட்டுக்கொள்வார். தெரியாமல் காத்திருப்பதுதான் அவரைச் சாலை மறியலுக்கு இழுத்துப் போகிறது.

புயலை நிறுத்தும் வல்லமை யாருக்கும் இல்லை. அதற்குப் பின் வரும் பத்து நாட்களைக் கடப்பது நம் கையில் இருக்கிறது. இனி துறைமுகத்தில் முதல் கூண்டு ஏறியதாகச் செய்தி வந்தால், நம் வீட்டில் முதல் குடம் நிரம்பட்டும்.