கயிறு பிடிக்கும் கை

மலைநாட்டார்க்கும் கடலுக்கும் தொடர்பில்லை என்று நினைப்பவர் பலர். அக்கரப்பத்தனைத் தோட்டங்களினூடே ஓடும் ஆக்ரா ஓயா, கொத்மலை ஓயாவிற் கலந்து, மகாவலியோடு சேர்ந்து, திருகோணமலைக்கருகே கொட்டியாரக் குடாவிற் கடலை அடைகின்றது. நம் முன்னோரிற் பலர் மன்னார், அரிப்புக் கரைகளில் இறங்கி, மாத்தளை வரை காட்டு வழியே நடந்து மலையேறியவர்கள். அந்த அரிப்புக் கரைதான் உலகப் புகழ் பெற்ற முத்துச் சலாபத்தின் கரையுமாகும்.

மூச்சுக் கருவி எதுவுமின்றி ஆழ்கடலில் இறங்கி, மீன்களோடு நீந்தி மீளும் கலை இன்று உலகெங்கும் விளையாட்டாகப் பயிலப்படுகின்றது. பிரான்ஸ் நாட்டவரான ஜாக் மயோல் 1976ஆம் ஆண்டில் 100 மீற்றர் ஆழத்தைத் தொட்டார். திரையில் இவற்றைக் கண்ட மாணவர்கள், "ஐயா, நாங்களும் பழகலாமா?" என்று வினவுகின்றனர். பழகலாம். ஆனால் முதலில் நம் சலாபக்காரர்களிடம் ஒரு பாடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முத்துக்குளிப்பவன் 30 முதல் 50 இறாத்தல் வரை நிறையுள்ள கல்லின்மேற் காலை ஊன்றிக் கயிற்றைப் பற்றுவான். கயிறு தளர்த்தப்பட்டதும் கல் அவனை 5 முதல் 10 பாகம் ஆழத்துக்குக் கொண்டு செல்லும். ஒரு நிமிடம் அளவில் சிப்பிகளை வலைப்பையில் வாரிக்கொண்டு கயிற்றை அசைப்பான். படகில் நிற்பவன் உடனே மேலே இழுப்பான். தமிழ்நாட்டுக் கரையிலே அந்தக் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தானிடமே கொடுப்பர் என்று சொல்லுவதுண்டு. தன் சகோதரியின் தாலி அந்தக் கயிற்றிலே தொங்குகின்றது என்பதை அவன் மறக்கமாட்டான் அல்லவா?

சுறாவுக்கு அஞ்சிய குளிகாரருக்காக 'கடல்கட்டி' என்னும் மந்திரக்காரரை அரசாங்கமே சம்பளம் கொடுத்து வைத்திருந்த காலமும் உண்டு. 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு. உயிரைப் பணயம் வைத்தவனுக்கு மூன்றில் ஒன்று! கொழுந்து பறிக்கும் நமக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

கயிறு பிடிப்பவன் ஏன் இன்றியமையாதவன்? நமக்கு மூச்சுத் திணறலை உணர்த்துவது பெரும்பாலும் உடலிற் சேரும் கரியமிலவாயுவே. பிராணவாயுவின் குறைவு அவ்வளவாகத் தெரிவதில்லை. நீரில் இறங்குமுன் வேகமாகப் பலமுறை மூச்சை இழுத்து விட்டால் கரியமிலவாயு வெளியேறிவிடும். பிராணவாயுவோ பெரிதாக மிகுவதில்லை. எச்சரிக்கை மணி அடிப்பதற்கு முன்னரே நினைவு தப்பிவிடும். ஆழத்திலிருந்து மேலே வரும்போது இவ்வாபத்து இன்னும் மிகும். 10 மீற்றர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்காவதால் நுரையீரல் பாதியளவாகச் சுருங்கியிருக்கும். மேலே வர வர அழுத்தம் குறைந்து, இரத்தத்துக்குக் கிடைக்கும் பிராணவாயுவும் குறைந்துபோகும். கரைக்குக் கையெட்டும் தூரத்தில் மயங்கி மூழ்கியவர்கள் நன்கு நீந்தத் தெரிந்தவர்களே.

ஆகவே, ஆற்றிலும் நீர்த்தேக்கத்திலும் யார் அதிக நேரம் மூழ்கியிருப்பது என்று போட்டியிடும் பிள்ளைகளைப் பெற்றோர் தடுத்தல் வேண்டும். முறையாகக் கற்க விரும்புவோர் தேர்ந்த ஆசிரியரை நாடுக. ஒருவர் மூழ்கும்போது மற்றவர் மேலே நின்று கண்ணெடாது காக்க வேண்டும். மூழ்கியவர் மேலே வந்து மூச்சு விட்ட பின்னும் அரை நிமிடமாவது அவர்மேற் பார்வை இருத்தல் நன்று. சளி பிடித்திருக்கும்போது காதடைப்பு ஏற்படுமாதலால் இறங்கலாகாது.

இவ்வாறு பழகியவர்க்குக் கடல் தன் செல்வத்தைக் காட்டும். குமிழியும் ஓசையும் எழுப்பாது செல்பவனைக் கண்டு மீன்கள் அதிகம் மிரளுவதில்லை. நிலாவெளிக்கு அப்பால் உள்ள புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. அங்கே செட்டையில் கருநுனி கொண்ட சிறு சுறாக்கள் பவளப்பாறைகளிடையே உலவுகின்றன. ஆமைகளையும் காணலாம். பார்ப்பது தவறன்று; தொடுவதும் பவளத்தை மிதிப்பதும் தவறு.

மூச்சடக்குவது ஒருவனுடைய திறமை; அவன் மீள்வது இருவருடைய பொறுப்பு. மாணவர்களே, நீரில் இறங்குமுன் உங்கள் கயிறு யார் கையில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.