குழாயின் மறுமுனை

எங்கள் புதிய அடுக்ககத்தில் சமையலறைக்குச் சுவர் கிடையாது. கூடத்தின் நடுவே கிரானைட் பதித்த மேடை, அதில் அடுப்பு. 'ஐலேண்டு கிச்சன்' என்று சொல்லி விற்றார்கள். சமைக்கிற பெண் இனி மூலையில் கிடக்க வேண்டாமாம். எல்லோரோடும் பேசிக்கொண்டே தாளிக்கலாமாம்.

அடுப்புக்கு மேலே சிம்னி மாட்ட வந்தவரிடம் நான் ஒன்றுதான் கேட்டேன்: "குழாய் எங்கே போகும்?"

அவர் என் கணவரைப் பார்த்துப் பதில் சொன்னார். "வெளிச்சுவர் பதினாலு அடி தள்ளி இருக்கு சார். குழாயை மறைக்கணும்னா ஹால் சீலிங்கை இறக்கணும், லுக் போயிடும். டக்ட் இல்லாத மாடலே போதும்."

சார் தலையாட்டினார். இருபது வருடத்தில் சார் ஒருநாளும் மிளகாய் வறுத்ததில்லை.

டக்ட் இல்லாத சிம்னி புகையை உறிஞ்சி, எண்ணெய்ப் பிசுக்கையும் கொஞ்சம் வாடையையும் பிடித்துக்கொண்டு மீதியை அதே அறைக்குள் திருப்பி ஊதும். சூடும் நீராவியும் கேஸ் எரியும்போது உண்டாகும் நைட்ரஜன் டை ஆக்சைடும் வீட்டுக்குள்ளேயே சுற்றும். அதிலும் நடுமேடை அடுப்பில் புகையைத் தடுக்கப் பக்கச்சுவர் இல்லை. மின்விசிறிக் காற்றில் நாலாபக்கமும் சிதறும். அதனால் சிம்னி அடுப்பைவிட அகலமாக, இழுப்பு கூடுதலாக இருக்க வேண்டும். குழாயில் வளைவுகள் குறைவாக இருக்க வேண்டும். ஒவ்வொரு வளைவும் இழுப்பைக் குறைக்கும். இது ரகசியமல்ல, மாட்டுகிறவருக்கும் தெரியும்.

என் அம்மா விறகடுப்பில் முப்பது வருடம் நின்றவள். அவள் மூச்சுத் திணறிப் படுத்தபோது மருத்துவர், "வீட்ல யாராவது சிகரெட் பிடிப்பாங்களா?" என்றார். இல்லை என்றோம். அடுப்பைப் பற்றி அவர் கேட்கவில்லை. எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை. கேஸ் வந்துவிட்டதால் ஆபத்து முடிந்துவிடவில்லை. அதிக சூட்டில் பொரிக்கும்போது எழும் புகையை, புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்ற 2ஏ பிரிவில் வைத்திருக்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை. அதன் தொகுதி 2010இல் வெளிவந்தது. சீனப் பெண்களிடம் நடந்த ஆய்வுகளும் அந்த முடிவுக்கு அடிப்படை.

நான் மறுத்ததும் மாட்டுகிறவர் முதல்முறையாக என்னைப் பார்த்தார். "அப்போ யூடிலிட்டியில விட்டுடலாம் மேடம். ஆறு அடிதான், சீலிங்கைத் தொட வேண்டாம்."

சரி என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகுதான் உறைத்தது. கண்ணாடி அடைத்த அந்தச் சின்ன இடத்தில்தான் பாத்திரம் தேய்க்க வருகிற அக்கா தினமும் காலையில் குனிந்து நிற்கிறார், நான் தாளிக்கிற அதே நேரத்தில். என் மூச்சைக் காப்பாற்ற அவர் முகத்தில் புகையை விட்டுவிட்டு, கல்லூரியில் போய்ப் பெண்ணியம் எடுத்திருப்பேன்.

சீலிங்கை இறக்கினோம். குழாய் வெளிச்சுவர் வரை போனது. "நடு ஹால்ல இதென்ன பெட்டி?" என்று கேட்கிற உறவினர்களுக்கு, "புகை போகிற வழி" என்கிறேன்.

வீட்டு வரைபடத்தில் பூஜையறைக்குத் திசை பார்க்கிறார்கள், டிவிக்குச் சுவர் ஒதுக்குகிறார்கள். புகைக்கு வழி கேட்டால் மட்டும் அழகு கெட்டுவிடுகிறது. தோழிகளே, கட்டும் முன்பே கேளுங்கள். குழாயின் மறுமுனையில் யார் நிற்கிறாள் என்றும் கேளுங்கள்.