நீதிபதிக்கு ஊதிய ஆணையம் உண்டு. அரசு வழக்கறிஞருக்கு அரசாணை மட்டுமே

புதுடெல்லி: மாவட்ட நீதித்துறையில் புதிதாகச் சேரும் இளநிலை உரிமையியல் நீதிபதியின் தொடக்க அடிப்படை ஊதியம் 77,840 ரூபாய். ஓய்வுபெற்ற நீதிபதி பி.வெங்கடராம ரெட்டி தலைமையிலான இரண்டாவது தேசிய நீதித்துறை ஊதிய ஆணையத்தின் இந்தப் பரிந்துரையை 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2016 ஜனவரி 1 முதல் கணக்கிட்டு நிலுவையை வழங்கவும் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அதே நீதிமன்றங்களில் அரசுத் தரப்பில் வாதாடும் வழக்கறிஞருக்கு இப்படியொரு நாடு தழுவிய அளவுகோல் கிடையாது. அவருக்கு எவ்வளவு, எப்போது, எந்தக் கணக்கில் என்பதை அந்தந்த மாநிலத்தின் அரசாணையே முடிவு செய்கிறது.

நடுவர் நீதிமன்றங்களில் நிலைமை பரவாயில்லை. அங்கு ஆஜராகும் உதவி அரசு வழக்கறிஞர்கள் பல மாநிலங்களில் போட்டித் தேர்வு எழுதி வருபவர்கள். தமிழ்நாட்டில் டிஎன்பிஎஸ்சி அந்தத் தேர்வை நடத்துகிறது. மாதச் சம்பளம், பணிமூப்பு எல்லாம் அவர்களுக்கு உண்டு. ஆனால், கொலையும் பாலியல் வன்கொடுமையும் விசாரிக்கப்படும் அமர்வு நீதிமன்றத்துக்கு வந்தால் காட்சி மாறிவிடுகிறது. பல மாநிலங்களில் அங்கு அரசுக்காக வாதாடுபவர், ஏழு ஆண்டு அனுபவத் தகுதியுடன் குறிப்பிட்ட காலத்துக்கு நியமிக்கப்படும் தனியார் வழக்கறிஞர். அவருக்குக் கிடைப்பது மாதந்தோறும் ஒரு நிலையான தொகை அல்லது ஆஜராகும் நாளுக்கு இவ்வளவு என்ற கட்டணம்.

தொகை சிறியது என்பதைவிட, அது எதற்காகத் தரப்படுகிறது என்பதே இங்கு முக்கியம். நாள் கணக்கில் கட்டணம் என்றால், நீதிமன்றத்தில் நின்ற நாள் மட்டுமே பில்லில் ஏறும். குற்றப்பத்திரிகையை முழுமையாகப் படித்தது, தடய அறிவியல் அறிக்கையைப் புரிந்துகொள்ள மருத்துவரிடம் பேசியது, அச்சத்தில் இருக்கும் சாட்சிக்கு விசாரணை முறையை விளக்கியது ஆகிய எதற்கும் அதில் இடமில்லை. வழக்கு விரைந்து முடிவதிலும் அவருக்குப் பண ஆதாயம் இல்லை. சாட்சி பிறழ்ந்துவிட்டார் என்று ஒரே வரியில் முடிந்துபோகும் பல வழக்குகளுக்குப் பின்னால், முன்தயாரிப்புக்கு யாரும் பணம் கொடுக்காத இந்த ஏற்பாடும் இருக்கிறது.

பதவி நிலைப்பது ஆட்சியாளர்களின் கையில் இருப்பது இன்னொரு சிக்கல். 1990 பிப்ரவரியில் உத்தரப் பிரதேச அரசு, எல்லா மாவட்டங்களிலும் இருந்த அரசு வழக்கறிஞர்களை ஒரே சுற்றறிக்கையில் நீக்கியது. ஸ்ரீலேகா வித்யார்த்தி வழக்கில் அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அரசியலமைப்பின் 14-வது பிரிவுக்கு எதிரான தன்னிச்சையான நடவடிக்கை என்றது.

இதற்கு மாற்று சட்டத்திலேயே இருந்தது. நிரந்தரப் பணித்தொகுதி உள்ள மாநிலத்தில் அரசு வழக்கறிஞரை அதிலிருந்தே நியமிக்க வேண்டும் என்றது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 24(6) பிரிவு. ஆனால், உதவி அரசு வழக்கறிஞர் பதவிகள் மட்டும் கொண்ட தொகுதிக்கு இது பொருந்தாது. அரசு வழக்கறிஞர் பதவி வரை அது நீள வேண்டும் என்று கேரளத்தைச் சேர்ந்த கே.ஜே.ஜான் வழக்கில் 1990-ல் தீர்ப்பானது. விளைவாக, மேல் பதவியைத் தொகுதிக்கு வெளியே வைத்திருக்கும் வரை, விரும்பியவரை நியமிக்கும் வசதி மாநிலங்களுக்குத் தொடர்கிறது. அந்த வசதியை எந்தக் கட்சியும் எளிதில் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

யார் பணம் தருகிறார் என்ற கேள்வியையும் நீதிமன்றம் சந்தித்திருக்கிறது. சிறப்பு அரசு வழக்கறிஞரின் கட்டணத்தைப் பொதுவாக அரசே ஏற்க வேண்டும். விதிவிலக்காகப் புகார்தாரர் தரும் சூழலிலும் பணம் அரசு அமைப்பு வழியாகவே செல்ல வேண்டும் என்று 1988-ல் முகுல் தலால் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995-இன் 4-வது விதி இன்னும் ஒருபடி மேலே போகிறது. இவ்வழக்குகளின் சிறப்பு அரசு வழக்கறிஞர்களுக்கு மற்ற பட்டியல் வழக்கறிஞர்களைவிட அதிகக் கட்டணம் தர வேண்டும் என்கிறது. ஆனால், மற்றவர்களின் கட்டணமே மிகக் குறைவாக இருக்கும்போது, அதைவிட அதிகம் என்பதற்குப் பெரிய பொருள் இருக்காது.

2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா, மாவட்ட அளவிலும் வழக்குத் தொடர்வு இயக்குநரகங்களை அமைக்க வழிசெய்தது. வழக்குகளைக் கண்காணிக்கும் பொறுப்பையும் அவற்றுக்கு வகுத்தது. ஊதியம் பற்றி அது பேசவில்லை. குற்றவியல் நடைமுறை பொதுப் பட்டியலில் இருந்தாலும், பணம் மாநிலக் கருவூலத்திலிருந்துதான் வர வேண்டும்.

அனுபவமிக்க வழக்கறிஞர்கள் மாதச் சம்பளத்துக்கு வரமாட்டார்கள் என்ற வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், இன்றைய கட்டணத்துக்கும் அவர்களில் பலர் வருவதில்லை. நீதிபதிகளைப் போல உச்ச நீதிமன்ற உத்தரவால் ஊதியம் பெறுவதும் கடினம். அரசு வழக்கறிஞர் நீதித்துறையின் அங்கமல்ல, நிர்வாகத்தின் நியமனம். ஆகவே முடிவு மாநிலங்களிடமே இருக்கிறது. புதிய இயக்குநரகங்களை அமைக்கும் அரசுகள் அவற்றுக்கான பணிவிதிகளையும் எழுதியாக வேண்டும். அமர்வு நீதிமன்ற அரசு வழக்கறிஞர் பதவியை அந்த விதிகளுக்குள் கொண்டுவருவதா, வழக்கம்போல வெளியே நிறுத்துவதா என்பது அப்போது தெரிந்துவிடும்.